ஆணையும் காவலும்

அரியலூர் மாவட்டத்தில் செயங்கொண்டத்திற்கு அண்மையில் கங்கைகொண்ட சோழபுரம் என்னும் ஊர் உள்ளது. இன்று சிற்றூராகக் காட்சியளிக்கும் இவ்வூர், ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கியது. முதலாம் இராசேந்திர சோழன் (1014–1044), தன் படை கங்கை வரை சென்று வென்று மீண்டதன் நினைவாக இந்நகரை அமைத்தான். அவன் எடுப்பித்த சிவன் கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரம் உடையது. 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயிலை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. கோயிலுக்குச் சிறிது தொலைவில் மாளிகைமேடு என்னும் இடம் இருக்கின்றது. அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்களும் அடித்தளங்களும் வெளிப்பட்டன.

அவ்வரண்மனையில் பிறந்த ஆணைகள் காவிரிக்கரை ஊர்களுக்கும் தொண்டை மண்டலத்துக்கும் கடல் கடந்த ஈழத்துக்கும் சென்றன. அரசன் ஒரு சொல் சொன்னால், ஓர் ஊரின் வரி மாறும். நிலத்தின் உரிமை கைமாறும். பல குடும்பங்களின் வாழ்வே திசை திரும்பும். அத்துணை வலிமை வாய்ந்த சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நிறைவேற்றிவிடுவது தகுமா? அரசன் கூறியதை ஒருவர் தவறாகக் கேட்டிருக்கலாம். கேட்டதைத் தவறாக எழுதியிருக்கலாம். எழுதியதை வேறோர் ஊரில் நிறைவேற்றிவிடவும் கூடும். இவ்விடர்களை எல்லாம் நன்கு உணர்ந்த சோழர், ஆணைக்கும் செயலுக்கும் இடையே பல காவல்களை அமைத்திருந்தனர்.

அரசன் வாய்மொழியாகக் கூறிய ஆணை 'திருவாய்க்கேள்வி' எனப்பட்டது. அதனைக் கேட்டு ஓலையில் எழுதும் அலுவலர் 'திருமந்திர ஓலை' என்று அழைக்கப்பட்டார். எழுதியதை மேற்பார்த்து ஒப்புக்கொள்ளும் உயர் அலுவலர் 'திருமந்திர ஓலை நாயகம்' ஆவார். பின்னர் அவ்வோலை வரித்துறையாகிய புரவுவரித் திணைக்களத்திற்குச் சென்றது. அங்கு வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை எனப் பல பெயர் கொண்ட அலுவலர்கள் இருந்தனர். ஆணை கணக்கில் முறையாகப் பதியப்பெற்ற பின்னரே உரிய நாட்டாருக்கு அனுப்பப்பட்டது.

இம்முறை எவ்வாறு நடந்தது என்பதற்கு ஆனைமங்கலச் செப்பேடுகள் சிறந்த சான்றாகும். ஆலந்து நாட்டின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் அவை லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் கொடுத்தான். அவனது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில் அவ்வாணை பிறந்தது என்று நாள் தவறாமல் அச்செப்பேடு கூறுகின்றது. ஆணையை எழுதியவர் யார், ஒப்பிட்டவர் யார், கணக்கில் பதியுங்கால் உடனிருந்தவர் யார் என்பனவும் அதில் உள்ளன. பின்னர் நாட்டார் கூடி, பெண் யானையை ஊரின் எல்லை சூழ நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லையை உறுதி செய்தனர். தந்தையின் ஆணையைப் பிற்காலத்தில் செம்பில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரனே ஆவான்.

வேகமாகச் செல்வது மட்டுமே பெருமை என்று எண்ணுவோர்க்கு இவை வீண் தாமதமாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்து நிலக்கணக்கை நோக்குவோர் அவ்வாறு கருதமாட்டார். வேலி, மா, காணி என்று இறங்கி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையிலும், அதற்குக் கீழும் நிலத்தை அளந்து எழுதினர். ஓர் எழுத்து மாறினால் ஓர் உழவனின் வயல் பிறன் கைக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படியும் ஒரு பிழையைத் தடுக்கும் வாயிலாக அமைந்தது.

இன்று அரண்மனையும் இல்லை. ஓலை எழுதுவோரும் இல்லை. எனினும் ஆணையிடும் வலிமை அரசரிடமிருந்து எளிய மாணவர் கைக்கும் வந்திருக்கிறது. கணினியின் முன் அமரும் ஒவ்வொருவரும் ஒரு சிறிய அரசின் தலைவரே. அவர் இடும் கட்டளையை அக்கருவி நொடிப்பொழுதில் நிறைவேற்றுகின்றது. அங்கே திருமந்திர ஓலை நாயகம் யார்? எல்லை சூழ்ந்து நடந்து பார்ப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையாக எழுந்தவையே கட்டளைகளைக் காவலோடு நிறைவேற்றும் கருவிகள்.

கணினியோடு உறவாடுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. திரையில் தோன்றும் படங்களைச் சுட்டி வேலை வாங்குவது ஒரு வழி. முனையம் என்னும் வெறுமையான சாளரத்தில் சொற்களைத் தட்டச்சு செய்து ஏவுவது மற்றொரு வழி. முதல் வழி கடையில் பொருளைக் கைகாட்டிக் கேட்பது போன்றது. இரண்டாவது, வேண்டியவற்றை எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது போன்றது. ஆயிரம் கோப்புகளின் பெயரை மாற்றுவதற்குப் படங்களைச் சுட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் கழியும். ஒரு வரிக் கட்டளையோ அவ்வேலையை ஒரு நொடியில் முடித்துவிடும். இதனாலேயே கணினித் துறையில் உள்ளோர் கட்டளை வழியைப் போற்றுகின்றனர்.

இவ்வழிக்கு வலிமையான அடித்தளம் இட்டது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் அதனை உருவாக்கத் தொடங்கினர். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி மெதுவாகத் தட்டச்சு செய்த காலம் அது. ஆதலின் கட்டளைகள் மிகச் சுருக்கமாக அமைந்தன. கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட 'எல்எஸ்' என்னும் ஈரெழுத்துக் கட்டளை. கோப்பை நீக்க 'ஆர்எம்' என்னும் ஈரெழுத்துக் கட்டளை. பார்ப்பதற்கும் அழிப்பதற்கும் ஒரே நீளம், ஒரே எளிமை. தொடக்க நிலையில் உள்ளோர்க்கு இடர் இங்குத்தான் தொடங்குகின்றது.

கணினி சொன்னதைச் செய்யும், எண்ணியதைச் செய்யாது. ஒரு மாணவி கோயிற் கல்வெட்டுகளின் ஒளிப்படங்களை ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று கொள்க. அவற்றுள் சிலவற்றிற்கு 'நகல்' என்று தொடங்கும் வேண்டாத படிகளும் உள்ளன. அவற்றை நீக்க விரும்பிய அவள், 'ஆர்எம்' என்னும் கட்டளையை அடுத்து 'நகல்*' என்று எழுத வேண்டும். இங்கு விண்மீன் போன்ற குறி 'எதுவாயினும்' எனப் பொருள்படும். எனவே நகல் என்று தொடங்குவன மட்டும் நீங்கும். ஆனால் அவள் கைதவறி, நகல் என்னும் சொல்லுக்கும் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுவிட்டாள் எனின் என்ன ஆகும்? 'நகல் என்னும் கோப்பையும் நீக்கு. மற்றுள்ள கோப்புகள் எல்லாவற்றையும் நீக்கு' என்று கணினி பொருள் கொள்ளும். ஓர் இடைவெளி அவளது பல மாத உழைப்பை அழித்துவிடும். இவ்வாறு நீக்கப்பெற்றவை திரையிலுள்ள குப்பைத்தொட்டிக்கும் செல்வதில்லை.

தேர்ச்சி பெற்றோரும் இவ்விடருக்கு விலக்கானவர் அல்லர். கிட்லேப் என்பது உலகெங்கும் உள்ள மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனம். 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவில் அதன் பொறியாளர் ஒருவர் நெடுநேரம் உழைத்துக்கொண்டிருந்தார். துணைக் கணினியில் இருக்கிறோம் என்று கருதி, முதன்மைக் கணினியிலேயே தரவுகளை நீக்கும் கட்டளையை இட்டுவிட்டார். பிழையை உணர்ந்து உடனே நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட் அளவுள்ள தரவில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. அதற்குச் சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்த ஒரு பிரதியைக் கொண்டு மீட்டனர். இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. கட்டளை சரியானதே, நிறைவேறிய இடமே தவறானது. ஆனைமங்கலத்து நாட்டார் யானையோடு எல்லையைச் சுற்றி வந்ததன் பயன் இங்கு விளங்கும்.

இத்தகைய பிழைகளைத் தடுக்கக் கருவிகள் அமைக்கும் முதற்காவல், கட்டளையின் பொருளை உணர்த்துவதாகும். யூனிக்ஸ் இயங்குதளத்திற்கு 1971ஆம் ஆண்டிலேயே ஒரு கையேடு வெளிவந்தது. இன்றும் 'மேன்' என்று தட்டச்சு செய்து, ஒரு கட்டளையின் பெயரையும் சேர்த்தால், அதன் விளக்கம் திரையில் விரியும். ஆனால் அவ்விளக்கம் புதியவர்க்குக் கடலாகத் தோன்றும். அக்குறையைப் போக்க 2013ஆம் ஆண்டில் 'டிஎல்டிஆர்' என்னும் முயற்சி தோன்றியது. அது ஒவ்வொரு கட்டளைக்கும் சில எடுத்துக்காட்டுகளை மட்டும் எளிய சொற்களில் தருகின்றது. தன்னார்வலர் பலர் அவ்விளக்கங்களைப் பிற மொழிகளில் பெயர்த்து வருகின்றனர். அவ்வகையில் தமிழிலும் பல கட்டளைகளுக்கு விளக்கம் உண்டு.

இரண்டாம் காவல், செய்வதற்கு முன் காட்டுவதாகும். நல்ல கருவிகள் பல, 'இக்கட்டளையை நிறைவேற்றினால் இன்ன இன்ன நிகழும்' என்று முதலில் பட்டியலிட்டுக் காட்டும், ஒன்றையும் மாற்றா. இதனை ஒத்திகை என்று கூறலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர்ஷெல் என்னும் கட்டளைக் கருவியில் 'வாட்இஃப்' என்ற ஒரு சொல் உண்டு. 'செய்தால் என்ன ஆகும்?' என்பது அதன் பொருள். கட்டளையோடு அச்சொல்லைச் சேர்த்தால் ஒத்திகை மட்டுமே நடைபெறும். மேற்கூறிய மாணவியும் 'ஆர்எம்' என்பதற்குப் பதிலாக முதலில் 'எல்எஸ்' என்று எழுதி, அதே குறிகளை அடுத்து இட்டிருக்கலாம். நீங்கப் போவன எவை என்பது பட்டியலாகத் தோன்றியிருக்கும். தன் பிழையை அவளே கண்டிருப்பாள்.

மூன்றாம் காவல், கேட்டு உறுதி செய்துகொள்வதாகும். 'ஆர்எம்' கட்டளையுடன் ஒரு சிறு குறியைச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் நீக்குவதற்கு முன் 'நீக்கலாமா?' என்று அது கேட்கும். சில கட்டளைகளைக் கருவி நேரடியாக மறுத்துவிடுவதும் உண்டு. கணினியின் கோப்புகள் அனைத்தும் மரம்போல் ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. அவ்வேரையே அழிக்குமாறு ஏவினால் முற்காலத்துக் கணினிகள் பல அதற்கும் பணிந்தன. லினக்ஸ் கணினிகளில் வழங்கும் 'ஆர்எம்' கட்டளை 2006ஆம் ஆண்டு முதல், தனியே வற்புறுத்தினாலன்றி அதற்கு இணங்குவதில்லை. அரசன் தன் அரியணையையே எரிக்கச் சொன்னால் அமைச்சன் தடுப்பது போன்றது இது.

நான்காம் காவல், அதிகாரத்தை அளவோடு வழங்குவதாகும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் முழு அதிகாரம் படைத்த பயனர் ஒருவர் உண்டு. 'ரூட்' என்று அவரை அழைப்பர். எந்நேரமும் அவ்வதிகாரத்துடன் பணிபுரிவது, உறையில்லாத வாளை இடுப்பில் செருகி நடப்பதற்கு ஒப்பாகும். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவர் 'சூடோ' என்னும் கருவியை உருவாக்கினர். அதன்படி எவரும் எளிய பயனராகவே பணிபுரிவர். தேவை நேரும்போது கட்டளையின் முன் அச்சொல்லை எழுதி, கடவுச்சொல்லைத் தந்து, அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் உயர் அதிகாரம் பெறுவர். பல கணினிகளில் அதனை முதன்முறை பயன்படுத்துவோர்க்கு அது மூன்று அறிவுரைகளைக் கூறும்: பிறருடைய தனிமையை மதித்தல் வேண்டும், தட்டச்சு செய்யுமுன் சிந்தித்தல் வேண்டும், பெரிய அதிகாரத்தோடு பெரிய பொறுப்பும் வரும்.

ஐந்தாம் காவல், நடந்ததைப் பதிந்து வைப்பதாகும். யார், எந்நேரத்தில், எக்கட்டளையை இட்டார் என்பதைச் 'சூடோ' குறித்து வைக்கின்றது. முனையமும் முன்பு இட்ட கட்டளைகளின் வரிசையை நினைவில் வைத்திருக்கும். பிழை நேர்ந்தபின் காரணத்தை ஆராய்ந்து திருத்துவதற்கு இப்பதிவே துணை செய்கின்றது. ஒருவரைப் பழிப்பதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்துவோர் அதன் முழுப் பயனை அடையார்.

ஆறாம் காவல், மீட்பதற்கு வழி வைத்திருப்பதாகும். 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களும் கோபுரத்தின் கற்களும் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. அணையின் நீர் வயல்களை வளப்படுத்தியது உண்மையே. ஆனால் சென்ற கற்கள் மீளவில்லை. அவற்றில் பொறித்திருந்த எழுத்துகளும் அவற்றோடு சென்றன. படியெடுத்து வைக்காமல் அழித்த ஒன்றை எவ்வளவு பொருள் கொடுத்தும் திரும்பப் பெற இயலாது.

கணினி உலகிலும் இதற்குச் சான்று உண்டு. 1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் இயங்குபடத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. யாரோ இட்ட ஒரு நீக்கற் கட்டளையால் படத்தின் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையத் தொடங்கின, பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதிகளை நாடியபோது அவையும் சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. குழந்தைப் பேற்றின் காரணமாக வீட்டிலிருந்து பணிபுரிந்த தொழில்நுட்ப மேற்பார்வையாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதனைக் கொண்டே பெரும்பாலான கோப்புகள் மீட்கப்பட்டன. பிரதி வைத்திருப்பது மட்டும் போதாது. அது பயன்படுமா என்று அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

தமிழ்நாட்டு மாணவர்க்கு இச்செய்திகள் தொலைவானவை அல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளம் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுமாறு அமைந்தது. 2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இவ்வியங்குதளமும் இடம்பெற்றது. இவ்வாறு முனையமும் 'சூடோ' கட்டளையும் சிற்றூர்ப் பிள்ளைகளின் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தன.

அண்மைக் காலத்தில் மற்றொரு வகைக் கருவி தோன்றியுள்ளது. கட்டளைச் சொற்களை அறியாதவரும் தாம் விரும்புவதை இயல்பான மொழியில் எழுதினால் போதும். 'இக்கோப்புறையிலுள்ள பெரிய கோப்புகளைக் காட்டுக' என்று எழுதினால், அதற்குரிய கட்டளையைச் செயற்கை நுண்ணறிவு அமைத்துத் தரும். இவற்றுள் நன்கு அமைந்தவை, அமைத்த கட்டளையை உடனே நிறைவேற்றுவதில்லை. அதனைத் திரையில் காட்டி, அதன் பொருளை விளக்கி, ஊறு விளைக்கக் கூடியதாயின் எச்சரித்து, பயனர் இசைந்த பின்னரே நிறைவேற்றுகின்றன. திருவாய்க்கேள்வியை ஓலையில் எழுதி, ஒப்பிட்டுப் பார்த்த பின் அனுப்பிய முறை இங்குப் புதிய வடிவில் மீண்டும் தோன்றுகிறது எனலாம்.

எனினும் இக்காவல்கள் அனைத்தும் ஒரு குறைக்கு உட்பட்டவை. 'செய்யலாமா?' என்று கருவி கேட்கும்போது, படித்துப் பாராமலே 'ஆம்' என்று அழுத்துவோர் பலர். நூறு முறை கேட்டு நூறு முறையும் இடர் இல்லையெனின், நூற்றொன்றாம் முறை கண் அவ்வெழுத்துகளைப் படிக்க மறுக்கின்றது. அப்போது காவலன் வாயிலில் நின்றும் பயனில்லை. செயற்கை நுண்ணறிவு அமைத்துத் தரும் கட்டளையும் பிழைபடக்கூடும். விளக்கம் இனிமையாக இருப்பதனால் கட்டளை சரியாக இருக்கும் என்று கொள்வது பேதைமையாகும்.

ஆதலின் புதிதாகக் கற்போர் சில பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் நன்று. பொருள் விளங்காத கட்டளையை, எவர் கொடுத்தாலும், அப்படியே படியெடுத்து ஏவுதல் கூடாது. எக்கணினியில், எக்கோப்புறையில் இருக்கிறோம் என்பதை முதலில் அறிய வேண்டும். மாற்றும் கட்டளைக்கு முன் காட்டும் கட்டளையை இட்டுப் பார்க்க வேண்டும். உயர் அதிகாரத்தைத் தேவைக்கு மட்டும் பெறுதல் வேண்டும். அரிய கோப்புகளுக்கு வேறோர் இடத்திலும் பிரதி இருத்தல் வேண்டும். களைப்புற்ற வேளையில் அழிக்கும் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைப்பதில் இழிவு ஒன்றும் இல்லை.

இவ்வெச்சரிக்கைகளைக் கண்டு கட்டளை வழியையே அஞ்சி விலகுதலும் தவறு. வாய்க்காலில் மடை இருப்பது நீரைத் தடுப்பதற்கன்று. வேண்டிய வயலுக்கு வேண்டிய அளவில் பாய்ச்சுவதற்கே. காவல் உள்ள இடத்தில்தான் புதியவர் அச்சமின்றி முயன்று பார்க்க முடியும். முயன்று பார்ப்பவரே கற்றுக்கொள்வர். ஏவுகின்ற ஆற்றல் இன்று எல்லோர்க்கும் கிடைத்துவிட்டது. ஏவுமுன் ஒரு கணம் நின்று, 'எதனை, எங்கு, எதன்பொருட்டு?' என்று எண்ணிப் பார்க்கும் அறிவை மட்டும் எக்கருவியும் தாராது. அது பயிற்சியால் வருவது. பிறருடைய உழைப்பின் மேலும் தன் உழைப்பின் மேலும் கொண்ட மதிப்பினால் வளர்வது.